தோல் புற்றுநோய்க்குப் புதிய மருந்து: மேலைநாடுகளில் இறப்பு குறைகிறது, இந்தியாவுக்கு எட்டுமா?

புது தில்லி: அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் செய்தியாளர்களைச் சந்தித்தார். மெலனோமா எனப்படும் புற்றுநோய் தமது கல்லீரலில் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடந்ததாகவும், நோய் மூளைக்கும் பரவிவிட்டதாகவும் அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 90. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் இந்த நோய் மூளையை எட்டிவிட்டால் எஞ்சியிருப்பது சில மாதங்களே என்பதுதான் அதுவரை மருத்துவ உலகம் அறிந்த கணக்கு.

ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் நடந்த பரிசோதனையில் அவரது மூளையில் நோயின் தடயமே காணப்படவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையுடன், பெம்ப்ரோலிசுமாப் என்ற புதிய மருந்தும் அவருக்குச் செலுத்தப்பட்டிருந்தது. அதன் பிறகு 9 ஆண்டுகள் வாழ்ந்து, நூறு வயதைக் கடந்து, 2024 டிசம்பர் 29-ல் அவர் காலமானார்.

அதிபராக இருந்தபோது 1978 ஜனவரியில் இந்தியா வந்த கார்ட்டர், தில்லியை அடுத்துள்ள ஹரியாணா மாநில கிராமம் ஒன்றுக்குச் சென்றார். தௌலத்பூர் நசீராபாத் என்ற அந்த ஊருக்கு அவரது வருகையின் நினைவாக கார்ட்டர்புரி என்று பெயர் சூட்டப்பட்டது. கார்ட்டருக்குக் கிடைத்த மருந்து கார்ட்டர்புரியில் வசிப்பவருக்குக் கிடைக்குமா? கிடைத்தால், அதனால் எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை நம்மால் கணக்கிட முடியுமா? இந்தியாவின் புற்றுநோய்க் கொள்கை பதில் சொல்ல வேண்டிய இரு கேள்விகள் இவை.

இறங்கு முகத்தில் இறப்பு விகிதம்

ஒரு தலைவர் பிழைத்ததை வைத்து ஒரு மருந்தை எடைபோட முடியாது. ஒரு நாட்டின் இறப்புப் பதிவேடுகளே உண்மையான சான்று. அமெரிக்காவில் அந்தப் பதிவேடுகள் தெளிவாகவே பேசுகின்றன.

அங்கு வெள்ளை இன மக்களிடையே மெலனோமாவால் ஏற்படும் இறப்பு விகிதம் 1986-க்கும் 2013-க்கும் இடையே 7.5 சதவீதம் உயர்ந்தது. அதற்கு அடுத்த மூன்றே ஆண்டுகளில், அதாவது 2013-க்கும் 2016-க்கும் இடையே, 17.9 சதவீதம் குறைந்தது. அமெரிக்கப் பொது சுகாதார ஆய்விதழ் ஒன்றில் 2020-ல் வெளியான இக்கணக்கு மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் இதை உறுதிப்படுத்தியது. 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே அதுவரை ஏறிக்கொண்டிருந்த இறப்பு விகிதம், 2013 முதல் 2017 வரை ஆண்டுக்கு 5 முதல் 6 சதவீதம் வீதம் குறைந்ததாக அந்த அறிக்கை தெரிவித்தது.

இதற்கு மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? வெயிலில் உடலைக் காட்டாதீர்கள் என்ற பிரசாரமும், மச்சங்களைத் தொடக்கத்திலேயே பரிசோதிக்கும் வழக்கமும் காரணமாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால், விழிப்புணர்வுப் பிரசாரத்தின் பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். மூன்று ஆண்டுகளில் ஏற்பட்ட சரிவை அது விளக்காது. அந்தக் காலத்தில் புதிதாக நோய் கண்டறியப்பட்டோரின் எண்ணிக்கையும் குறையவில்லை. நோய் குறையாமல் இறப்பு மட்டும் குறைந்தால் சிகிச்சையில்தான் மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும்.

இங்கு மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. புற்றுநோய் பற்றிய செய்திகளில் "ஐந்து ஆண்டுகள் உயிர் வாழ்வோர் விகிதம்" என்ற அளவுகோல் அடிக்கடி காட்டப்படுகிறது. இது ஏமாற்றக்கூடியது. ஆபத்தில்லாத சிறு கட்டிகளையும் கண்டறிந்து கணக்கில் சேர்த்தால், ஒருவருக்கும் ஆயுள் நீளாமலேயே இந்த விகிதம் உயர்ந்துவிடும். மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்ற கணக்கை அப்படி உயர்த்திக் காட்ட இயலாது. மெலனோமாவில் குறைந்திருப்பது இந்தக் கணக்குதான். அதனாலேயே இதற்கு மதிப்பு.

இரு வகை மருந்துகள்

2011-க்கு முன்பு, உடலெங்கும் பரவிய மெலனோமாவுக்கு மருத்துவர்களிடம் இருந்த முக்கிய ஆயுதம் டகார்பசின். அமெரிக்காவில் 1975-ல் அனுமதி பெற்ற மருந்து அது. அதனால் பலன் பெற்றவர்கள் மிகச் சிலரே.

2011-ம் ஆண்டில் இரு கதவுகள் திறந்தன. மார்ச் மாதம் இபிலிமுமாப் மருந்துக்கும், ஆகஸ்ட் மாதம் வெமுராஃபெனிப் மருந்துக்கும் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. வெமுராஃபெனிப், பிராஃப் என்ற மரபணுவில் ஏற்படும் கோளாறைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரை. மேலைநாட்டு மெலனோமா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்தக் கோளாறு உண்டு.

இபிலிமுமாப் வேறு வகை. அது புற்றுநோயை நேரடியாகத் தாக்குவதில்லை. நமது ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லை மீறிச் செயல்படாதிருக்க இயற்கையே சில தடைகளை வைத்துள்ளது. புற்றுநோய் அந்தத் தடைகளைத் தனக்குக் கேடயமாக்கிக் கொள்கிறது. மருந்து அந்தத் தடையை விலக்குகிறது. உடல் தானே போரிடுகிறது. இந்த அடிப்படை உண்மையைக் கண்டறிந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதே வழியில் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் 2014-ல் வந்தன.

பலன் எவ்வளவு? நிவோலுமாபையும் இபிலிமுமாபையும் சேர்த்துப் பெற்ற நோயாளிகளில் 43 சதவீதம் பேர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருப்பதாக 2024-ல் வெளியான நீண்டகால ஆய்வு கூறுகிறது. முன்பு ஓராண்டைக் கடப்பதே அரிதாக இருந்த நோய் இது. அதே வேளையில், நூறு பேரில் 57 பேர் இறந்துவிட்டனர் என்பதும் அதே கணக்குதான். இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவுகளும் ஏற்பட்டன. எனவே இதை நோய்க்கு முடிவு கட்டிய மருந்து என்று கொண்டாடுவது மிகை. நாற்பதாண்டு தேக்கத்தை உடைத்த மருந்து என்பதே சரியான மதிப்பீடு.

நமக்கு என்ன தொடர்பு?

தோல் புற்றுநோய் வெள்ளையர் நோய். அது இந்தியாவில் அரிது. நமக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். அரிது என்பது உண்மைதான். தோலின் கருமை நமக்குக் கவசமாக இருக்கிறது. ஆனால், இந்தியரிடம் காணப்படும் மெலனோமாவில் கணிசமானவை உள்ளங்கால் போன்ற வெயில் படாத இடங்களில் தோன்றுபவை. ஆறாத புண் என்றோ, முள் குத்திய காயம் என்றோ அலட்சியப்படுத்தி, முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோரே அதிகம். இந்த வகையில் பிராஃப் மரபணுக் கோளாறு குறைவாகவே காணப்படுகிறது. புதிய மருந்துகளும் மேலைநாட்டாரிடம் தரும் அளவுக்குப் பலன் தருவதில்லை.

ஆனாலும் இந்த மருந்துகள் தோல் புற்றுநோயோடு நிற்கவில்லை என்பதுதான் இந்தியா கவனிக்க வேண்டிய செய்தி. மெலனோமாவில் வென்ற மருந்துகள் இன்று நுரையீரல், வாய், தொண்டை, கருப்பைவாய், சிறுநீரகம் எனப் பல உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களுக்கும் பயன்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் சுமார் 14.1 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 9.2 லட்சம் பேர். ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். தோல் புற்றுநோய் இவற்றுக்கெல்லாம் ஒரு முன்னோடி. அங்கு எட்டிய வெற்றியை மற்ற புற்றுநோய்களிலும் எட்ட முடியுமா என்பது இந்தியாவில் லட்சக்கணக்கான குடும்பங்களைப் பற்றிய கேள்வி.

விலை என்னும் மதில்

விடையைத் தடுத்து நிற்பது விலை. இத்தகைய மருந்து தேவைப்படும் நோயாளிகளில் 100-க்கு 3 பேருக்கும் குறைவானவர்களே அதைப் பெற முடிகிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதியுள்ளனர். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. மூல நிறுவனங்களின் மருந்தை முழு அளவில் ஆண்டு முழுவதும் செலுத்தினால், அச்சிட்ட விலைப்படி அந்த வரம்பு எளிதில் கடந்துவிடும்.

மருந்து விலைப் போர் இந்தியாவுக்குப் புதிதல்ல. உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைப்படி மருந்துப் பொருள்களுக்கான காப்புரிமை 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அப்போது நாடாளுமன்றம் சட்டத்தில் இரு பாதுகாப்புகளை உறுதி செய்தது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு ஒன்று. பொதுநலன் கருதி மற்றொரு நிறுவனத்துக்குத் தயாரிப்பு அனுமதி தரும் கட்டாய உரிமம் மற்றொன்று.

இரண்டும் புற்றுநோய் மருந்துகளிலேயே உரசிப் பார்க்கப்பட்டன. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்சவார் மருந்துக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாயாகக் குறைந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்து தொடர்பாக நோவார்ட்டிஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால், நெக்சவாருக்குப் பிறகு வேறு எந்த மருந்துக்கும் கட்டாய உரிமம் வழங்கப்படவில்லை. நாடாளுமன்றம் தந்த ஆயுதம் உறையிலேயே இருக்கிறது.

அந்த ஆயுதத்தை எடுத்தாலும் பழைய வேகத்தில் பலன் கிடைத்துவிடாது. நெக்சவாரும் கிளீவெக்கும் ரசாயன மாத்திரைகள். அவற்றைப் போலவே தயாரிப்பது இந்திய நிறுவனங்களுக்குக் கைவந்த கலை. நிவோலுமாப் போன்றவை உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதங்கள். அவற்றுக்கு நிகரான மருந்தை உருவாக்கப் பெரும் முதலீடும் தனியான மருத்துவ சோதனைகளும் தேவை. எனவே போட்டியாளர் வரத் தாமதமாகிறது. வந்தாலும் விலை நூற்றில் மூன்று பங்காகக் குறைந்துவிடுவதில்லை.

தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த நிவோலுமாப் வழக்கை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். காப்புரிமை பெற்ற பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்கும் ஆமதாபாதைச் சேர்ந்த சைடஸ் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு இது. சைடஸ் தனது நிகர் மருந்தை வெளியிட 2025 ஜூலையில் தனி நீதிபதி தடை விதித்தார். 2026 ஜனவரியில் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. காப்புரிமையின் 20 ஆண்டு காலம் 2026 மே மாதத்துடன் முடியும் நிலையில், உயிர்காக்கும் மருந்து என்ற பொதுநலனையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. சில மாதங்கள் முந்திக் கிடைத்தது நோயாளிகளுக்கு ஆதாயமே. ஆனால், மருந்து 2014-ல் உலகச் சந்தைக்கு வந்தது. இந்திய நிகர் மருந்துக்கு வழி பிறந்தது 2026-ல். இடைப்பட்ட 12 ஆண்டுகளுக்கு அரசின் பதில் என்ன?

அரசு செய்ததும் செய்யாததும்

மத்திய அரசு கைகட்டி இருந்தது என்று கூற முடியாது. 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 சதவீத வரம்பு 2019-ல் விதிக்கப்பட்டது. பெம்ப்ரோலிசுமாபுக்கு 2023 ஏப்ரல் முதல் அடிப்படை சுங்க வரி நீக்கப்பட்டது. 2025 பட்ஜெட்டில் 36 உயிர்காக்கும் மருந்துகள் சுங்க வரியிலிருந்து விலக்குப் பெற்றன. மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று ஆண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு சரக்கு, சேவை வரியே இல்லை என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், லட்ச ரூபாய் மருந்துக்கு 12 ஆயிரம் ரூபாய் வரியை நீக்கினாலும் லட்ச ரூபாய் அப்படியே நிற்கிறது. வரிச் சலுகை வாங்கக்கூடியவரின் சுமையைக் குறைக்கும்; வாங்க முடியாதவரை வாங்கக்கூடியவராக மாற்றாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே பெம்ப்ரோலிசுமாபையும் நிவோலுமாபையும் பரவிய மெலனோமாவுக்கான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியல் 2022-ல் திருத்தப்பட்டபோது புதிதாக நான்கு புற்றுநோய் மருந்துகள் சேர்க்கப்பட்டன. அந்த நான்கில் இவை இல்லை. பட்டியலில் இடம்பெறும் மருந்துக்கே விலை உச்சவரம்பு பொருந்தும் என்பதால், இது வெறும் பெயர்ப் பட்டியல் பற்றிய பிரச்சினை அல்ல.

மும்பை காட்டிய வழி

பணம் இல்லாத நாடு அறிவைக் கொண்டு வழி தேடலாம் என்பதற்கு டாடா நினைவு மருத்துவமனை ஓர் எடுத்துக்காட்டு. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் அங்கு நடந்த ஆய்வில், மலிவான மாத்திரைகளுடன் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஒரு பிரிவினருக்குச் செலுத்தப்பட்டது. இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அதாவது, வழக்கத்தில் 18-ல் ஒரு பங்கு. மாத்திரைகளை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 16.3 சதவீதம். நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம்.

முழு அளவுக்கு இந்தச் சிறு அளவு ஈடாகுமா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. ஒன்றுமே இல்லாததைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மட்டும் அது நிறுவியது. நூற்றுக்கு 97 பேருக்கு ஒன்றுமே கிடைக்காத நாட்டில் அதுவே பெரிய செய்தி. விலையுயர்ந்த மருந்தைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லும் ஆய்வுக்கு எந்த மருந்து நிறுவனமும் பணம் தர முன்வராது. இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவது அரசின் கடமையாகிறது.

மற்றொரு வழி கூட்டுக் கொள்முதல். 2012-ல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு, 40 மருந்துகளை ஒன்றாகப் பேரம் பேசி வாங்கியதில் சுமார் 1,320 கோடி ரூபாய் மிச்சப்படுத்தியது. சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல் விலை குறைந்தது. தனித்தனியாக வாங்கும் மருத்துவமனைக்குக் கிடைக்காத விலை, சேர்ந்து நின்றபோது கிடைத்தது. நிகர் மருந்துகள் சந்தைக்கு வரத் தொடங்கியுள்ள நிலையில், இதே முறையை நோய் எதிர்ப்புச் சக்தி மருந்துகளுக்கும் விரிவாக்கத் தடை ஏதும் இல்லை.

கணக்கில் வராத சாவுகள்

இவையெல்லாம் நடந்து, மருந்து மக்களைச் சென்றடைகிறது என்றே வைத்துக்கொள்வோம். பலன் கிடைத்ததா என்பதை எப்படி அறிவது?

அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் 17.9 சதவீதம் குறைந்தது என்று கூற முடிவதற்குக் காரணம், அங்கு ஏறத்தாழ ஒவ்வொரு சாவுக்கும் காரணம் எழுதி வைக்கப்படுவதுதான். இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணத்துடன் பதிவானவை 22.5 சதவீதம் மட்டுமே. ஐந்தில் நான்கு பேர் எதனால் இறந்தார்கள் என்பதற்கு முறையான மருத்துவச் சான்று இல்லை. புற்றுநோய்ப் பதிவேடுகள் 1980-களின் தொடக்கத்திலிருந்தே இயங்கினாலும், மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதியே அவற்றின் வரம்புக்குள் வருகிறது. தேசிய அளவில் நாம் சொல்லும் எண்கள் அந்தச் சிறு பகுதியிலிருந்து விரித்துப் போடப்பட்ட மதிப்பீடுகளே.

புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு 2022-ல் பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் தாமாகவே அவ்வாறு அறிவித்துள்ளன. நாடு முழுவதற்கும் பொதுவான நடைமுறை வந்தால்தான் எந்த மாவட்டத்தில் எந்தப் புற்றுநோய் பெருகுகிறது, எங்கே மருந்து சேரவில்லை, எங்கே சேர்ந்தும் பலனில்லை என்பது தெரியும். அது தெரியாமல் கோடிக்கணக்கில் செலவிடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பெய்வதற்குச் சமம்.

மருந்து விலையைப் பற்றி நாடாளுமன்றத்தில் குரல் எழுகிறது. நீதிமன்றங்களில் வழக்கு நடக்கிறது. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதப்படாத அந்த ஒற்றை வரியைப் பற்றிக் குரல் எழுப்ப ஆளில்லை. தோல் புற்றுநோயை மருந்து வென்ற கதையை உலகம் அறிந்துகொண்டதே அந்த ஒற்றை வரியால்தான். கார்ட்டர்புரியிலோ வேறு எந்தக் கிராமத்திலோ நாளை ஒருவர் இதே மருந்தால் பிழைக்கலாம். மருந்து எட்டாமல் மடியலாம். இரண்டில் எது நடந்தாலும் நாட்டின் கணக்கில் அது பதிவாக வேண்டும். விலையைக் குறைக்கும் முயற்சியும் சாவை எண்ணும் முயற்சியும் ஒன்றாக நடக்காதவரை, இந்தியாவில் புற்றுநோய் இறப்பு குறைகிறது என்று எந்த அமைச்சர் அறிவித்தாலும், அதை நம்புவதற்கோ மறுப்பதற்கோ நம்மிடம் ஆதாரம் இருக்காது.